பொருள்: பினாயில் தொடர்பாக

ஜூன் 3, செவ்வாய்

பிப்ரவரி கடைசியில் வட்ட அலுவலகத்திலிருந்து என்னை வழியனுப்பியபோது சால்வையோடு சேர்த்துக் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாகப் பீரோ மேல் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு.

காலை பதினொன்று பத்துக்குத் தபால்காரர் ஒரு பழுப்பு உறை கொடுத்தார். பெறுநர்: திருமதி கு. சொர்ணவல்லி, தலைவி, மல்லிகை மகளிர் சுய உதவிக் குழு, நிலக்கோட்டை. அந்த 'கு' நான்தான், குருநாதன். முப்பத்து நான்கு வருடம் தபால் பிரிவில் இருந்தவன் கையில் உறை வந்தால் திறக்காமல் இருக்க முடியாது. கை தானாகச் செய்துவிடும். திறந்தேன்.

விஷயம் இதுதான். குழுவின் வெள்ளை பினாயில் மாவட்டத்தில் தேர்வாகியிருக்கிறதாம். சென்னையில் பதினைந்து நாள் பயிற்சியும் கண்காட்சியும் நடக்கப் போகிறது. தலைவி நேரில் வர வேண்டும். சம்மதக் கடிதம் ஜூன் 20க்குள் மாவட்ட அலுவலகத்தில் கிடைக்காவிட்டால் வாய்ப்பு அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

சொர்ணத்தைக் கூப்பிட நினைத்தேன். அவள் கொல்லையில் நான்கு பெண்களோடு டிரம்மில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். கடிதம் பாழாகிவிடும் என்று சட்டை அலமாரியில், விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்தேன். தக்க தருணத்தில் கொடுக்கலாம். அவளுக்கு முழங்கால் வலி வேறு. சென்னை வெயிலும் சாதாரணமில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது தனி விஷயம், இதில் வராது.

ஜூன் 5, வியாழன்

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது. கடிதம் பரிசீலனையில் உள்ளது.

ஜூன் 7, சனி

ஜலதோஷம். மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு.

இன்று சொர்ணம் என்னிடம் பேசியது மொத்தம் ஒன்பது வாக்கியம். அதில் மூன்று, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." வீடு முழுக்கக் காலி பாட்டில்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் பினாயிலுக்குக் கிராக்கி. ஆபீஸில் நான் இருந்தபோது ஒரு நாளைக்கு நாற்பது பேர் என் மேஜைக்கு வந்து, "சார், நம்ம மனு எந்த நிலையில இருக்கு?" என்று கேட்பார்கள். இங்கே என் நிலையை யாரும் கேட்பதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போய்வந்து ஓர் அட்டை மாத்திரை கொடுத்தாள். "நானே பேர் சொல்லிக் கேட்டு வாங்கியாந்தேன். இதுலதான் பவர் இருக்கு. முழுங்குங்க" என்றாள். விழுங்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூக்கு நன்றாகத் திறந்துவிட்டது. சந்தோஷத்தில் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கலாம் என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். எதையும் படிக்காமல் விடும் வழக்கம் எனக்கில்லை.

இரண்டாவது வரியில் இருந்தது. பி, எச், இ, என், ஒய், எல். அதற்குப் பிறகு வேறு ஏதோ ஏழெட்டு எழுத்து.

எழுந்து போய்க் கொல்லையில் இருந்த மல்லிகை பினாயில் பாட்டிலைப் பார்த்தேன். லேபிளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்: பி, எச், இ, என், ஒய், எல். ஆறு எழுத்தும் அப்படியே.

உட்கார்ந்து யோசித்தேன். மாத்திரையில் பினாயில் இருக்கிறது. பேர் சொல்லிக் கேட்டு வாங்கினேன் என்று அவளே ஒப்புக்கொண்டாள். பினாயிலில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். மூக்கடைப்பு எப்படி ஒரே ராத்திரியில் விட்டது என்பதும் இப்போது விளங்குகிறது. சாக்கடை அடைப்புக்கும் அதைத்தானே ஊற்றுகிறோம்?

ஆனால் காரணம் என்ன? நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? சட்டை அலமாரிப் பக்கம் போய்ப் பார்த்தேன். செய்தித்தாள் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. நானே நகர்த்தியிருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது சாட்சியம் கிடைத்துவிட்டது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் காபியில் சீனிக்குப் பதிலாக ஒரு குட்டி மாத்திரை போடுவாள். இரண்டு மாதமாக நடக்கிறது. இன்று அந்த டப்பாவைப் படித்தேன். அடியில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில், 'இதில் பினைல் அலனின் உள்ளது' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரனுக்கு இருக்கும் நேர்மை கட்டிய மனைவிக்கு இல்லை.

அதே நேரம் அவள் காபியோடு வந்துவிட்டாள். வாங்கிக்கொண்டேன். டம்ளரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். ஆபீஸில் சந்தேகமான மனு வந்தால் முதலில் அனுப்பியவரையே கையெழுத்துப் போடச் சொல்வோம்.

"நீ முதல்ல குடி" என்றேன்.

திரும்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சரி, மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆனால் கண்ணில் தண்ணீர்.

"கல்யாணமாகி முப்பத்தோரு வருசம். இன்னைக்குத்தான் என்னைப் பாத்து இப்படி ஒரு வார்த்த சொல்றீங்க" என்று சொல்லி, டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். தூக்கிக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தாள். பிறகு முந்தானையால் விளிம்பைத் துடைத்துக் கொடுத்தாள்.

பத்து நிமிடம் காத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று வேளையும் அதே முறையைப் பின்பற்றினேன். இட்லியில் முதல் விள்ளல் அவளுக்கு. சாம்பார்ச் சோற்றில் முதல் கவளம் அவளுக்கு. ராத்திரி தோசையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாள். இன்று என்னிடம் பேசியது நாற்பத்திரண்டு வாக்கியம். எண்ணியதில் பிழை இருக்கலாம், நடுவில் விட்டுவிட்டேன்.

தலையில் பூ வைத்திருந்தாள். பூச்சந்தை இருக்கும் நிலக்கோட்டையில் இருந்துகொண்டு பூ வைப்பதில் அதிசயமில்லை. ஆனால் இவள் வைத்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அல்லது வைத்ததை நான் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். குழுவின் தொடர்பு எண்ணாக என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், சொர்ணவல்லி மேடம் சென்னைக்கு வர்றாங்களா? லெட்டர் கெடச்சுதா?"

"கிடைத்தது. பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

"யாரு சார் பரிசீலிக்கிறாங்க?"

இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். திரும்பினால் சொர்ணம் நிற்கிறாள். "யாருங்க போன்ல?" என்றாள். "ராங் நம்பர்" என்றேன். "உங்களுக்கு வேர்த்திருக்கே" என்று ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள்.

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் என் மேஜையில் ஒரு கடிதம்கூடத் தொலைந்ததில்லை. தாமதமாவது வேறு விஷயம்.

ஜூன் 13, வெள்ளி

கொல்லைக் கதவுக்குப் பின்னால் செருப்பு தேடிக்கொண்டிருந்தேன். சொர்ணத்தின் குரலும், குழுவில் இருக்கும் ராபியாவின் குரலும் கேட்டன. கேட்டபடியே எழுதுகிறேன்.

சொர்ணம்: "அவசரப்படாதடி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தணும். ஒரேயடியா ஊத்துனா காட்டிக் குடுத்துரும்."

ராபியா: "எத்தன நாளைக்கி அக்கா தாங்கும்?"

சொர்ணம்: "சரியாப் பண்ணுனா வருசக்கணக்கா இருக்கும். ஆனா நல்லா பால் மாதிரி ஆயிரணும். பாத்தா பாலான்னு சந்தேகம் வரணும், அப்பத்தான் நம்ம வேல சுத்தம்."

ராத்திரி எனக்குப் பால் கொடுப்பது வழக்கம்.

இன்று கொடுத்தாள். நீ முதலில் குடி என்றேன். "எனக்குப் பால் சேராதுங்க, தெரியாதா?" என்றாள். தெரியாது. முப்பத்தோரு வருடமாகத் தெரியாது. பாலை ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

ஜூன் 14, சனி

கறிவேப்பிலைச் செடி நன்றாக இருக்கிறது.

குழுப் பெண்கள் நால்வரும் காலையில் என்னைப் பார்க்க வந்தார்கள். வேலை எதுவும் இல்லை, பார்க்கத்தான் வந்தார்கள். வாசலில் நின்று ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ராபியாதான் பேசினாள். "அண்ணே, பொண்டாட்டி வாய் வச்ச காப்பியத்தான் குடிப்பீங்களாமே? எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே. அந்த மனுசன் நான் சாப்பிட்டனான்னு கேட்டே ஆறு வருசமாச்சு."

சொர்ணம் வெட்கப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் வெட்கப்படுவதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. ஒரு கொலைகாரி இப்படி வெட்கப்படுவாளா என்று யோசித்துப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

அடுத்த தெருவில் இருக்கும் டெய்சி டீச்சர் வந்தார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவர். குழுவின் புது லேபிளில் ஆங்கில எழுத்துகளைச் சரிபார்த்துத் தரச் சொல்லி சொர்ணம் கூப்பிட்டிருக்கிறாள். சொர்ணம் பாட்டில் மூடி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"டீச்சர், ஒரு சந்தேகம். என் நண்பர் ஒருத்தர் இருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமா பினாயில் உள்ள போய்க்கிட்டிருக்கு. எத்தன நாள் தாங்குவார்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உள்ளன்னா? வயித்துக்குள்ளயா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார்!"

"ரெண்டு மாசமாப் போகுது. ஆள் நல்லாத்தான் இருக்கார். வெய்ட்டுகூட ஏறியிருக்கு" என்று மாத்திரை அட்டையையும் இனிப்பு மாத்திரை டப்பாவையும் எதிரில் வைத்தேன்.

டெய்சி டீச்சர் இரண்டையும் படித்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பி, முகத்தைப் பள்ளிக்கூடத்து முகமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், பினைல்ங்கறது ஒரு பொருளே இல்ல. அது ஒரு தொகுதி."

"நிலக்கோட்டைத் தொகுதி மாதிரியா?"

"அது வேற தொகுதி. இது வேதியியல். ஆறு கார்பன் வட்டமா கை கோத்து நிக்குதுன்னு வச்சுக்குங்க. அஞ்சு கார்பன் வெளிப்பக்கம் ஒரு ஹைட்ரஜனப் பிடிச்சிருக்கும். ஒண்ணு மட்டும் கைய நீட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குப் பேருதான் பினைல். அந்தக் கை எதப் பிடிக்குதோ, அதப் பொறுத்துத்தான் குணம். வெறும் பினைலப் பாட்டில்ல அடைச்சு விக்க முடியாது, நிக்காது. ஒண்ணோட சேந்தா மூக்கடைப்பு மருந்து. இன்னொண்ணோட சேந்தா ரோஜா வாசனை. வேற ஒண்ணோட சேந்தா பால், பருப்பு, முட்டைல இருக்கற புரதத்துல ஒரு பகுதி. உங்க... உங்க நண்பர் உடம்புலயே அது நெறைய இருக்கும்."

எனக்குப் பிடிபட்டது. இது 'துணை' மாதிரி. துணை என்று தனியாக ஒரு பதவி கிடையாது. நாற்காலி போட்டு உட்கார வைக்க முடியாது. வட்டாட்சியரோடு சேர்ந்தால் துணை வட்டாட்சியர், வேந்தரோடு சேர்ந்தால் துணைவேந்தர். பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பது சேர்ந்திருக்கும் வார்த்தையைப் பார்த்தால்தான் தெரியும். டீச்சரிடம் சொன்னேன். "பிரமாதம் சார், இத நான் வகுப்புல சொல்லலாமா?" என்றார். சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தேன். துணைவி என்று இன்னொரு வார்த்தையும் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"அப்ப எங்க வீட்டு பினாயில்?" என்று கேட்டேன்.

"அதுதான் சார் வேடிக்கை. கருப்பு பினாயில்ல அந்த வளையம் உண்டு. அதக் குடிச்சா ஆபத்துதான். அக்கா செய்யறது வெள்ளை, பைன் எண்ணெய்ல செய்யறது. அதுல பினைல் கிடையாது. பழைய பேரு ஒட்டிக்கிச்சு. உங்க மாத்திரைல இருக்கு, காப்பில இருக்கு, உங்க உடம்புல இருக்கு. இல்லாதது அக்கா பாட்டில்ல மட்டும்தான். அதுக்காக இதையும் குடிச்சுப் பாத்துறாதீங்க."

எண்ணெய் எப்படிப் பால் மாதிரி ஆகிறது என்றும் கேட்டுக்கொண்டேன். எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால்தான் தண்ணீரில் பிரியாமல் வெள்ளையாக நிற்குமாம். அவசரப்பட்டால் எண்ணெய் தனியாக மிதந்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

போகும்போது, "உங்க நண்பர நல்லா சாப்பிடச் சொல்லுங்க சார்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

காலை காபி கொண்டுவந்தாள். வாங்கினேன். இனிமேல் பயமில்லை என்ற எண்ணத்தில் நேராக வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவள் போகவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு வாரமாகக் கிடைத்துக்கொண்டிருந்த வார்த்தை இன்று வரவில்லை. கேட்பதற்கும் அவளுக்குக் கூச்சம்.

"நீ முதல்ல குடி" என்றேன். இந்தத் தடவை வேறு நோக்கம் எதுவும் இல்லை.

குடித்தாள். "இன்னைக்கு மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். என்னால் அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை. நான் நல்லவனில்லை என்று அப்போது தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்.

ஜூன் 18, புதன்

கொடுத்துவிட்டேன்.

மதியம் அவள் தனியாக உட்கார்ந்து லேபிள் வெட்டிக்கொண்டிருந்தாள். உறையை முன்னால் வைத்தேன். படித்தாள். மாவட்டத்தில் தேர்வான வரியை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தாள். முகம் மலர்ந்து, பிறகு மேலே இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இது எப்பங்க வந்துச்சு?"

"மூணாம் தேதி."

"இன்னைக்குப் பதினெட்டு."

"ஆமா."

"பதினஞ்சு நாளா எங்க இருந்துச்சு?"

"சட்டை அலமாரில. பரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "ஒளிச்சு வச்சிருந்தேன். நீ போயிட்டா வீட்ல தனியா இருக்கணுமேன்னு."

இதை இந்த டைரியில்கூட நான் இதுவரை எழுதவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒம்பதாம் தேதிதான் என்னை மொத மொத குடிக்கச் சொன்னீங்க. அப்ப, ஒளிச்சு வச்சது மனசு உறுத்தித்தான் அப்படிப் பண்ணியிருக்கீங்க." கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. அப்படியாவது என் மேல ஒரு இது வந்துச்சே."

இந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். மன்னிக்கத் தயாராக அவளே ஒரு காரணத்தை எடுத்து என் கையில் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்வதுதான் பாக்கி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாங்க முடியவில்லை.

"அது இல்ல சொர்ணம். பினாயில் கலந்திருக்கியோன்னு சந்தேகம்."

"எதுல?"

"காப்பில. மாத்திரைல. பால்ல."

"நானா?"

"ஆமா."

அவள் கத்தவில்லை. பேனா கேட்டாள். கொடுத்தேன். உறையோடு வந்திருந்த சம்மதக் கடிதத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்து அடுக்களைக்குள் போனாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று கதவருகில் நின்று கேட்டுப் பார்த்தேன். இரண்டும் இல்லை. வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது, வழக்கத்தைவிட வேகமாக.

ஜூன் 19, வியாழன்

தபாலில் போட்டால் நாளைக்குள் போய்ச் சேராது. முப்பத்து நான்கு வருடம் தபாலையே நம்பிப் பிழைத்தவன், கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போனேன்.

மாவட்ட அலுவலகத்தில் தபால் மேஜையில் என்னைப் போலவே ஒருவர். அதே கண்ணாடி, அதே ஸ்வெட்டர் போட்ட தண்ணீர் பாட்டில். "வச்சிட்டுப் போங்க சார், பாத்துட்டுச் சொல்லுவாங்க" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்! எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் அதன் அர்த்தம் தெரிகிறது. போக மாட்டேன் என்றேன். முத்திரை போட்ட ரசீது வேண்டும் என்றேன். சம்பந்தப்பட்ட மேடம் மதியம்தான் வருவார் என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றேகால் மணி நேரம். பசித்தது. எழுந்து போனால் கடிதம் வேறு கோப்புக்குள் நுழைந்துவிடும் என்று தெரியும், அதனால் எழவில்லை.

மேடம் வந்தார். போனில் பேசிய அதே குரல். "ஓ, அந்தப் பரிசீலனை சார் நீங்கதானா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உடனே பதிவு செய்து ரசீது கொடுத்துவிட்டார்.

வீட்டில் ரசீதைச் சொர்ணத்திடம் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்தாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்றாள். இன்று பேசியது இது ஒன்றுதான்.

ஜூன் 20, வெள்ளி

இன்று பேசவில்லை. காபியை டீப்பாயில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ரயிலில் சொர்ணம் சென்னை போனாள். திண்டுக்கல் வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். ஒரு சூட்கேஸ், இரண்டு அட்டைப் பெட்டி மல்லிகை பினாயில். பெட்டிகளை நான்தான் சுமந்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஜன்னல் பக்கத்து இருக்கை. நான் பிளாட்பாரத்தில் நின்றேன். முழங்காலுக்குத் தைலம் எடுத்து வைத்தாயா என்று கேட்டேன். வைத்திருக்கிறாளாம். தண்ணீர் வாங்கித் தரட்டுமா என்றேன். வேண்டாமாம். பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவளே கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"நீங்க சந்தேகப்பட்டது முழுசாத் தப்புன்னு சொல்ல முடியாது" என்றாள்.

"என்னது?"

"இந்த முப்பத்தோரு வருசத்துல ரெண்டு தடவ எனக்கும் தோணியிருக்கு. ஆனா இந்த மாசம் இல்ல."

ரயில் நகர்ந்துவிட்டது. எந்த இரண்டு தடவை என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தேன், கொஞ்ச தூரம் ஓடினேன்கூட. "ரசப்பொடி கீழ்த் தட்டுல இருக்கு!" என்று கத்தினாள். போய்விட்டாள்.

ஜூன் 23, திங்கள்

ரசம் வைத்தேன். அது ரசம் என்று நான் சொன்னால்தான் தெரியும்.

நேற்றிலிருந்து அந்த இரண்டு தடவை எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞாபகம் வரவர ஒரு தாளில் வரிசை எண் போட்டு எழுதினேன். அவள் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி, பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய் நின்றது. அவள் வைத்த குழம்பைத் தாசில்தார் முன்னால் கேலி செய்தது. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆடிட் இருக்கிறது என்று நான்கு நாள் போகாதது. குழு தொடங்கிய அன்று மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டவளிடம், பினாயில் விழாவுக்கு நான் எதற்கு என்று கேட்டது. மதியத்துக்குள் பத்து ஆகிவிட்டது. எதைப் பார்த்தாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது.

பதினொன்றாவது, கல்யாணமாகி மூன்றாம் வருடம் நடந்தது. பால்வாடி டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் எழுதி, உறையில் போட்டு, ஆபீஸ் போகும் வழியில் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். நான் சேர்க்கவில்லை. அவள் வேலைக்குப் போனால் வீடு என்ன ஆவது என்று மேஜை டிராயரில் வைத்தேன். தேதி தாண்டிவிட்டது. தேர்வாகவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே சொல்லி அழுது, அதோடு விட்டுவிட்டாள். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாத ஒன்று அந்த இரண்டில் சேர வாய்ப்பில்லை. இருந்தாலும் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, தாளின் தலைப்பில் முதலாவதாக எழுதினேன்.

ஏழு மணிக்குப் போன் செய்தாள். பயிற்சியில் எழுபது பேராம். பினைல் என்றால் என்ன என்று அங்கே கேட்டார்களாம். டெய்சி டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்ததால் இவள் எழுந்து பதில் சொன்னாளாம், எல்லோரும் கை தட்டினார்களாம். துணை வட்டாட்சியர் உதாரணத்தையும் சேர்த்துச் சொன்னாளாம். குரலில் அவ்வளவு உற்சாகம். "சாப்டீங்களா?" என்றும் கேட்டாள்.

எந்த இரண்டு என்று கேட்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். "சொர்ணம், நான் செஞ்ச பதினொண்ணுக்கும் சேத்து என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"பதினொண்ணா? எனக்குத் தெரிஞ்சு ரெண்டுதானங்க. மிச்சம் ஒம்பது என்னது?"

தாள் எதிரில் இருந்தது. அதைத் தொலைந்துபோகச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவதிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.